எஞ்சின் ஆறும் வரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்துவிட்டால் எதிரில் நிற்பது யார் எவர் என்று பார்க்காது. வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் வாயாடியிருக்கிறேன். கார் லைசன்ஸ் சோதனையின்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிய அதிகாரியிடமும் வாயாடியிருக்கிறேன். அதனால்தான் லைசன்ஸ் மூன்றாவது தடவையில் கிடைத்தது, அதுவும் நாற்பத்தாறு வயதில். "அந்த வாய மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போயிருந்தா மொத தடவையே குடுத்திருப்பான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

லைசன்ஸ் எடுத்ததே அவருக்காகத்தான். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்போம். அவர் முதலில் தோட்டத்து லோரிக்கும் டிராக்டருக்கும் ஃபோர்மேன், பிறகு ஈப்போவில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். இருபது வருடத்துக்கு மேல் கையில் கறுப்பு எண்ணெய் போகாத மனிதர். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணைப் பிடித்தது, அப்புறம் கிட்னியை. இப்போது வெளிச்சம் தெரியும். ஆள் வந்து நின்றால் நிழலாகத் தெரியும். நிறம் தெரியாது, எழுத்து தெரியாது. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் மெஷினில் இரத்தம் கழுவிக்கொள்ள வேண்டும், டயாலிசிஸ் என்பார்களே, அது.

நாங்கள் இருப்பது கோப்பெங்கைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். தோட்டம் கைமாறியபோது வேலை செய்தவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. பஸ் பெரிய ரோட்டோடு திரும்பிவிடும். அங்கே போய்ச் சேர நல்ல கால் உள்ளவருக்கே முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒன்றரை வருடமாகப் பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் காரில் எங்களைக் கொண்டுபோய்விட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். தீபாவளி முடிந்ததும் ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாசல் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் வயதாகிறது. நான் "அதுக்கென்னாண்ணே, நீங்க செஞ்சதே பெருசு" என்றேன். உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், "நான் அக்கா வீட்டுல போயி இருந்துக்கிறேன்" என்று. அவருடைய அக்காவுக்கு ஈப்போவில் அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு. கழுவும் இடத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஆனால் என் வேலை இங்கே இருக்கிறது, கழுவும் நாளில் இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டு சமாளிக்கும் வேலை, அதை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. அவர் அங்கே, நான் இங்கே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியது. இதைச் சொன்னதோடு நிற்காமல், மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தடவித் தடவி ஒரு பையும் கட்டிவிட்டார். இரண்டு கைலி, துண்டு, மருந்து டப்பா, அவருடைய சின்ன ரேடியோ. நீல நிறப் பை. கதவுக்குப் பின்னால் வைத்தார். தினமும் என் கால் அதில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி வெளியே எறியலாமா என்று வரும்.

"கார் வாங்குவோம்" என்றேன்.

"நீ ஓட்டுவியா?"

"பின்ன, லைசன்ஸ சட்டம் போட்டு மாட்டவா எடுத்தேன்?"

எங்கள் கைக்கு எட்டுவது பழைய கார்தான். பழைய கார் என்றால் எஞ்சின் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவருக்குக் கண் இல்லை, கண் இருக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது. "நீ பாத்துச் சொல்லு, நான் அர்த்தம் சொல்றேன்" என்றார். அப்படித்தான் கிளம்பினோம்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுவி முடித்து வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். அப்படியும் திரும்பி வரும் வழியில் ஒரு நாள்கூடக் கண்ணசந்ததில்லை. சாய்ந்து உட்கார்ந்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வருவார். "அண்ணே, பெல்ட் கத்துது, மாத்திருங்க." "அண்ணே, பின்னாடி எடது சக்கரத்துல ஏதோ ஒரசுது." தூங்குங்களேன் என்று நான் சொன்னால், "சத்தம் கேக்குதே, எப்படித் தூங்குறது?" என்பார். ஒன்றரை வருடமும் இதே கதைதான்.

முதலில் போனது ஈப்போவில் பழைய கார் விற்கும் ஒரு கடைக்கு. விற்பவன் இனிமையாகப் பேசினான். "அக்கா, ஒரே ஓனர் லா. டீச்சரம்மா ஓட்டுன வண்டி. ஸ்கூலுக்குப் போவாங்க, வீட்டுக்கு வருவாங்க, அவ்ளோதான்." என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையிலேர்ந்து ஓடுச்சா தம்பி?"

"இல்லண்ணே, ஒரு வாரமா சும்மாதான் நிக்குது."

"சும்மா நிக்கிற வண்டிக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?"

அவன் சிரித்து மழுப்பினான். இவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். எஞ்சின் ஆறிக் கிடந்து முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் உண்மையைப் பேசுமாம். புகை, தட்டும் சத்தம், திணறல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சூடு ஏறிவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும். அதனால்தான் ஆள் வரும் முன்பே ஓடவிட்டு வைப்பார்களாம். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் தலையில் ஆயில் ஊற்றும் வாய் இருக்கும், அதன் மூடியைத் திருகி எடுக்கச் சொன்னார்.

"என்னா கலரு?"

"சந்தனம் கரைச்சு அப்பி வச்ச மாதிரி இருக்குங்க. கொழகொழன்னு."

அவர் இரண்டடி பின்னால் வந்துவிட்டார். எஞ்சினுக்குள் தண்ணீரும் ஓடும், ஆயிலும் ஓடும், ஒன்றோடொன்று சேராமல் நடுவில் ஒரு தகடு தடுத்துக்கொண்டிருக்கும். வண்டி ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் அந்தத் தகடு போய்விடும். தண்ணீர் ஆயிலில் கலந்து இந்த நிறத்துக்கு வரும். "ஹெட் கேஸ்கெட் போச்சு. இத எடுத்தா நடுரோட்டுல நின்னு ஆவி விடும். வா போலாம்." விற்பவன் அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து 'சந்தன நிறம்' என்பது என் மண்டையில் ஆணி அடித்து உட்கார்ந்துகொண்டது. படுத்தால்கூட அந்த மூடிதான் கண்ணில் வந்தது. அடுத்துப் பார்க்க இருந்த, தைப்பிங் ஊரில் இருந்த கார், நாங்கள் கிளம்புவதற்குள் விற்றுப்போனது. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அப்போதுதான் சுங்காயில் ஒரு கார் இருப்பதாகப் போனில் படம் வந்தது. வெள்ளி நிறம், பத்து வயதுக்கு மேல். ஒரே குடும்பம் வைத்திருந்து ஓட்டியது.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அண்ணன் எங்களைச் சுங்காய்க்குக் கூட்டிப்போய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "இங்கதான் என் மச்சான் வீடு இருக்கு, பாத்துட்டு ரெண்டு மணி நேரத்துல வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டார். விற்பவர் பள்ளிக்கூடம் ஒன்றில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அதிகம் பேசாதவர். அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தலைக்குக் குளித்து ஈர முடியை முடிச்சிட்டிருந்தார். மகள் புது கார் வாங்கிக் கொடுத்துவிட்டாளாம், போர்ச்சில் ஒரு வண்டிதான் நிற்குமாம், அதனால் பழையதை விற்கிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பானெட்மேல் கையை வைத்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"சூடா இருக்கேண்ணே?"

"ஆமா தம்பி, காலையில ஒரு ரவுண்டு..."

"ரவுண்டா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நாங்க வர்றது தெரியும்தான? அப்புறம் எதுக்கு ரவுண்டு?"

பெரியவர் ஏதோ சொல்ல வந்து, என் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். பானெட்டைத் திறந்தார். உள்ளே யாரோ அவசரமாகத் துடைத்த அடையாளம். பேட்டரிமேல் ஈரத்துணி ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆயில் மூடியைப் பிடித்துத் திருகினேன். விரல்களில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. மூடியின் பள்ளங்களில், ஓரத்தில், எல்லாம் அதே நிறம்.

"என்னா கலரு?" என்றார்.

"அதேதாங்க," என்றேன். "சந்தனக் கலரு. தொடச்சு வச்சிருக்காங்க, அப்படியும் போகல."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "மூடிரு" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்த முகத்தில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் நீலப் பைதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியாமல் வந்துவிட்டது.

"கண்ணு தெரியாதவர்னு தெரிஞ்சு தீப்பு பண்ணலாம்னு பாத்தீங்களா? ஓட்டிச் சூடு ஏத்தி, தொடச்சு, எல்லாம் பண்ணி வச்சிட்டு நல்லவங்க மாதிரி நிக்கிறீங்க! ஏமாத்த வேற ஆளே கெடைக்கலயா?"

"அய்யோ, என்னா தங்கச்சி சொல்றீங்க?" என்று அந்த அம்மா பதறினார்.

"வாரத்துல மூணு நாளு இந்த எஞ்சின நம்பி ஒரு உசுரு போகணும். நடுரோட்டுல நின்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்ககிட்ட அந்தப் பழக்கம் இல்லம்மா" என்றார். அதோடு உள்ளே போய்விட்டார்.

வீராவேசமாகப் பேசியாயிற்று. விறுவிறுவென்று கிளம்பிப் போயிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். எதில் போவது? பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவர் எப்போதும் போனைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் போவார். ஆறு தடவை அடித்தேன். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. வெயிலில் இவரை வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்க முடியாது. நான் விழித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ரம்புத்தான் மரத்தடியில் போட்டார். ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் காப்பியும் வந்தது. "வேணாம்" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இவர்தான் மரியாதையாகச் சொன்னார்.

"எனக்குத் தண்ணிக்கு அளவு இருக்குக்கா. குடிக்கக் கூடாது. இரத்தம் கழுவுறேன்."

அந்த அம்மா அவருடைய இடது கையில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்தார். பிறகு காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதில் ஒரே ஒரு ஐஸ் கட்டி.

"எங்க தம்பியும் கழுவுனான். தாகம் தாங்காம ஐஸ் கட்டிதான் கேப்பான். வாயில வச்சுக்குங்க."

என் வீட்டுக்காரர் அதை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். எனக்கு அந்த அம்மாமேல் கோபம் இன்னும் கூடியது. ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றுகிறவர்களாகவே இருந்துவிட்டால் நமக்கு நிம்மதி. இப்படி நடுவில் நல்லது செய்தால் எங்கே வைத்துக்கொள்வது? தரையில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். வெயில் நகர்ந்து அவர் முகத்தில் விழுந்தது. "நாக்காலிய தள்ளிப் போடு" என்று எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஊசி குத்தும் இடது கையைப் பிடிக்கக் கூடாது, வலது கையைப் பிடித்தேன். எழுந்தவர் என் கையை விடவில்லை. மூக்குப் பக்கம் கொண்டுபோனார்.

"காலையில கோயிலுக்குப் போனியா?"

"எங்கங்க போனேன்? அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உங்களக் கெளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கே சரியாப் போச்சு."

"அப்புறம் கையில என்னா சந்தன வாசம்?"

விரலை முகர்ந்து பார்த்தேன். ஆயில் வாடை இருந்தது. அதற்குமேல் நல்ல அசல் சந்தனம், கோயிலில் இலையில் மடித்துக் கொடுப்பார்களே, அதே வாசம்.

"அந்தக் கலரு மூடிக்கு மேல இருந்துச்சா, உள்ளுக்குள்ள இருந்துச்சா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"ஓரத்துல... மேல..."

"திருப்பிப் பாத்தியா?"

நான் திருப்பிப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தவள் மூடியைத் திருப்பவே இல்லை. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்!

"அடிப் பாவி! சாமி சந்தனத்தப் பாத்தா ஹெட் கேஸ்கெட்னு சொன்ன?"

"நீங்கதான மேலயா உள்ளயான்னு கேக்கல?"

"ஆமா. கலரக் கேட்டேன், எடத்தக் கேக்கல. எனக்கும் புத்தி இல்ல. போ, போயி அந்த அக்காவக் கேளு."

அடுப்படி வாசலில் போய் நின்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார். வண்டி வீட்டைவிட்டுப் போகப் போகிறதே என்று விடியற்காலையில் அதை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கடைசியாக ஓர் அர்ச்சனை செய்திருக்கிறார்கள். அதுதான் அந்த ரவுண்டு. ஆயுத பூசைக்கு வைப்பது போல எஞ்சினுக்கும், அந்த மூடிமேல், சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். "வெளிய வச்சா மழையில போயிரும் தங்கச்சி, உள்ள வச்சாதான் நிக்கும்." வீட்டுக்கு வந்ததும், "வாங்க வர்றவங்க என்னா நெனைப்பாங்க, தொடச்சிரு" என்று பெரியவர் சத்தம் போட்டிருக்கிறார். ஈரத்துணியால் துடைத்ததில் குங்குமம் போய்விட்டது. சந்தனம் மட்டும் பள்ளத்தில் தங்கிவிட்டது.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. எஞ்சின் கெட்டுப்போகவில்லையாக இருக்கலாம்! மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத வேலை. அன்றைக்குக் கால் தானாக உள்ளே நடந்தது. பெரியவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு.

"அண்ணே" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "காரப் பத்தி என்னா வேணாலும் சொல்லலாம்மா. எங்களச் சொல்லிட்டீங்க."

"வாயி எனக்கு அப்படிண்ணே. அவருக்குத்தான் கண்ணு இல்ல, இன்னிக்கு எனக்கும் இல்லாமப் போச்சு. கார் கெடைக்கலன்னா அவர அவங்க அக்கா வீட்டுல விட்டுட்டு நான் தனியா இருக்கணும். அந்த பயத்துல கத்திட்டேன். தப்புத்தான். மன்னிச்சிருங்க."

டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அதை அணைத்தார். பிறகு எழுந்து சாவியை எடுத்தார். "ரெண்டு மணி நேரம் ஆகப் போகுது. எஞ்சின் ஆறியிருக்கும். இப்பப் பாக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர" என்றார்.

அதன் பிறகு நாங்கள் பார்த்த மாதிரி யாரும் ஒரு காரைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூடியைத் திருப்பினேன். உள்ளே கரிய எண்ணெய்ப் படலம், வேறு ஒன்றுமில்லை. "பால் கலக்காத காப்பி மாதிரி இருக்குங்க. உள்பக்கம்! உள்பக்கம் சொல்றேன்." ஆயில் அளக்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவர் விரலில் தடவினேன். தேய்த்துப் பார்த்து முகர்ந்தார். ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாக இருந்தது, மேலே எண்ணெய் மிதக்கவில்லை. அடியில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று குனியச் சொன்னார். குனிந்தேன், ஓர் எறும்புப் புற்று மட்டும் இருந்தது. அதையும் சொன்னேன்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. நீ பின்னாடி போ. புகை என்னா நெறம்னு பாரு. நீலமா வந்தா ஆயில் எரியுது, வெள்ளையாத் தொடர்ந்து வந்தா தண்ணி எரியுது."

எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. புகைக்குழாய்க்குப் பின்னால் அவருடைய வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேசாக ஆவி மாதிரி வந்தது, நின்றுவிட்டது. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் முன்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, கையை எஞ்சின் பக்கத்துத் தகட்டில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்தில் டிக் டிக் தேய்ந்து நின்றது.

"என்னங்க அது?"

"அது வயசுச் சத்தம். நோய்ச் சத்தம் இல்ல."

நோயும் ஒன்று இருந்தது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் ஒன்று செத்துப்போய், வண்டி நிற்கும்போது உதறியது. "ரப்பர்தான, மாத்திக்கலாம்" என்றார். பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுடுதண்ணீர் ஊற்றுக்குப் போகும் ரோட்டில் மேட்டில் ஏறினோம். ரேடியோவை அணை என்றார், ஏர்கோனைப் போடு என்றார், நிறுத்து என்றார், நிறுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றதை நான் நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். "முள்ளப் பாத்தது போதும், ரோட்டப் பாருடி" என்று கத்தினார். அவர் குரலில் பழைய ஃபோர்மேன் இருந்தார்.

திரும்பி வந்து பழக்க தோஷத்தில் விலை பேச ஆரம்பித்தவரைத் தொடையில் கிள்ளினேன். எந்த முகத்தோடு குறைத்துக் கேட்பது? பெரியவர் தாமாகவே, "அந்த ரப்பர் செலவு என்னோடது" என்று குறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சேர்ந்தபோது நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தோம். "எல்லாம் சரியா?" என்றார் அவர். "சரிண்ணே" என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. கார் எங்கள் பெயருக்கு மாறி நாங்கள் எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளில் அந்த அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், அழுதார், சந்தனக் கிண்ணத்தோடு பானெட் பக்கம் போனார். "அக்கா, மூடியில மட்டும் வேணாங்க்கா!" என்று இவர் காருக்குள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அழுகையோடேயே அந்த அம்மா சிரித்துவிட்டார்.

தீபாவளி முடிந்தது. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. திங்கட்கிழமை நான் முதல் தடவையாக அவரை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு ஓட்டினேன். லோரிகள் என்னை முந்திக்கொண்டு போயின, ஹாரன் அடித்தன, நான் ஒருத்தனையும் திட்டவில்லை. போகும்போது அவர் வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஒன் சத்தந்தான் கேக்குது" என்றார்.

நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். சிம்பாங் பூலாய் தாண்டி, சுண்ணாம்பு மலைகள் வரும் இடத்தில், சாயங்காலம் கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். பதில் இல்லை. கழுவிய பிறகு பிரஷர் இறங்கி மயங்கிப் போகிறவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஓரம் கட்டி, இரண்டு விளக்கையும் மினுக்க விட்டு, அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

சூடாக மூச்சு வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு கர்ரென்று ஒரு குறட்டை.

தூங்குகிறார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகக் காரில் தூங்குகிறார். அந்த ரோட்டோரத்தில் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் உலுக்காமல் வீடுவரை மெதுவாக ஓட்டி வந்தேன்.

போர்ச்சில் நிறுத்தியும் அவர் எழவில்லை. எழுப்ப மனம் வரவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்தேன். கதவைத் திறந்து உள்ளே போனால், வழக்கம்போல் கால் பையில் இடித்தது. இந்தத் தடவை அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துத் திறந்தேன். கைலி இரண்டையும் அலமாரியில் அடுக்கினேன். துண்டைக் கொடியில் போட்டேன். மருந்து டப்பாவைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரேடியோவை அவர் தலைமாட்டில், அவர் கை நீட்டினால் படும் இடத்தில் வைத்தேன். பை காலியாகிவிட்டது.

வெளியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் அவர் குரல் வந்தது.

"ஏய், என்னா சத்தத்தக் காணோம்? வண்டி நின்னுருச்சா?"

"நிக்கலங்க," என்றேன். "வீடு வந்திருச்சு."